கைக்குத் தெரிந்தது, வாய்க்குத் தெரியாதது

பேஸ்பால் ஆட்டத்தில் பந்தை எறிபவர் பிட்சர். கிரிக்கெட் பந்துவீச்சாளருக்கு இவரை ஒன்றுவிட்ட சகோதரர் என்று சொல்லலாம். ஓடிவந்து வீசும் வேலை இவருக்கு இல்லை. பத்து அங்குல உயர மண்மேட்டில் நின்றபடி, முழங்கையை மடக்கி நீட்டி, 18.44 மீட்டர் தள்ளியிருக்கும் மட்டையாளரைத் தாண்டி, அவருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சரின் கையுறைக்குள் பந்தைத் தரையில் படாமல் சேர்க்க வேண்டும். முப்பத்தைந்து வயதை நெருங்கும்போது பெரும்பாலோருக்குத் தோள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஆட்டத்தை விட்டுப் போக மனமில்லாத சிலர் அதன்பின் பிட்சிங் கோச் ஆகிறார்கள். எறிபயிற்சியாளர் என்று தமிழில் சொல்லலாம். அணியில் உள்ள பத்துப் பன்னிரண்டு பிட்சர்களின் கைகளுக்கும் அவரே பொறுப்பு.

பதினைந்து ஆண்டுகள் தினமும் செய்த வேலையைப் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதில் என்ன சிரமம் இருக்க முடியும்? சைக்கிள் ஓட்டத் தெரிந்த ஒருவரிடம், ஓரளவு வேகமாகப் போகும்போது இடப்பக்கம் திரும்ப ஹேண்டில்பாரை முதலில் எந்தப் பக்கம் அசைப்பீர்கள் என்று கேட்டால், இதென்ன கேள்வி, இடப்பக்கம்தான் என்பார். உண்மையில் கை முதலில் ஒரு கணம் வலப்பக்கம் அசைக்கிறது. சக்கரம் உடலுக்கு அடியிலிருந்து வலப்புறம் நழுவ, உடல் இடப்புறம் சாய்கிறது. சாய்ந்த பிறகுதான் ஹேண்டில்பார் இடப்பக்கம் திரும்புகிறது. இருபது வருடமாக மிதிப்பவரின் கைக்கு இது தெரியும். வாய்க்குத் தெரியாது. சொன்னாலும் சண்டைக்கு வருவார்.

கைக்குத் தெரிவதும் வாய்க்குத் தெரிவதும் மூளையில் வேறு வேறு இடங்களில் குடியிருக்கின்றன. இது தெரியவந்தது ஒரு நோயாளியால். கடுமையான வலிப்பு நோய்க்காக 1953-ல் மூளையின் உட்புறத்தில் ஹிப்போகேம்பஸ் உள்ளிட்ட பகுதிகள் அகற்றப்பட்ட அமெரிக்கர் ஒருவர், ஹெச்.எம். என்ற முதலெழுத்துகளால் மருத்துவ நூல்களில் அறியப்பட்டார். அறுவைக்குப் பின் எந்தப் புதிய சம்பவமும் அவர் மனதில் தங்கவில்லை. காலையில் பார்த்தவரை மதியம் புதியவராகப் பார்த்தார். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, இரட்டைக் கோட்டில் வரைந்த நட்சத்திரத்தின் இடைவெளிக்குள் பென்சிலை ஓட்டச் சொன்னார். எல்லோருக்கும் முதலில் தடுமாறும் வேலை அது. ஹெச்.எம்.முக்கும் தடுமாறியது. ஆனால் மூன்று நாள் பயிற்சியில் கோடு தாண்டுவது வெகுவாகக் குறைந்தது. ஒவ்வொரு முறையும் இதை முன்பு செய்ததே இல்லை என்றுதான் சொன்னார். நடந்ததைச் சொல்லும் நினைவு அழிந்த பிறகும், செய்யப் பழகும் நினைவு நலமாக இருந்தது. முன்னதை விவர நினைவு என்றும் பின்னதைச் செயல் நினைவு என்றும் பிரித்துச் சொல்லலாம். பிட்சரின் பிழைப்பு செயல் நினைவில் ஓடுகிறது. பிட்சிங் கோச்சுக்கு அதே சரக்கு விவர நினைவில் வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேர்வழி கிடையாது.

இன்னொரு தடையும் உண்டு. 1990-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி, சிலரை எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளின் தாளத்தை மேஜையில் விரலால் தட்டச் சொன்னார். எதிரில் இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பாட்டுகளையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டப்பட்டவை 120, கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுபவரின் தலைக்குள் பாட்டு முழுதாக ஓடுகிறது. கேட்பவருக்கு வருவதோ வெறும் டொக் டொக். தனக்குத் தெரிந்தது தெரியாமலிருந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்ய முடியாத இந்த நிலையைத் 'தெரிந்தவன் மறதி' எனலாம். பெரிய பிட்சர் இளம் பிட்சரிடம் 'கடைசியில் மணிக்கட்டைச் சுண்டு' என்று சொல்லும்போது, பெரும்பாலும் மேஜையைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறார்.

சுமாராக ஆடியவர்களே நல்ல கோச் ஆகிறார்கள் என்று பேஸ்பால் வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பிட்சர்களில் மிகப் பெரும்பாலோர் சுமாரானவர்கள். கண்ணை மூடிக்கொண்டு நூறு பேரைப் பொறுக்கினாலும் தொண்ணூறு பேர் அப்படித்தான் இருப்பார்கள். உருப்படியான கேள்வி வேறு: ஆடும் காலத்திலேயே தன் கை என்ன செய்கிறது என்று யோசித்தே தீர வேண்டிய நிர்ப்பந்தம் யாருக்கு இருந்தது? ஜானி செய்னுக்கு இருந்தது.

செய்ன் 1917-ல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹவானா என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை மோட்டார் மெக்கானிக்; உள்ளூரில் பந்தெறிந்தவர். மகனுக்கு வளைபந்தின் பாலபாடம் அவரிடம்தான். கர்வ்பால் என்று அங்கே சொல்வதைத்தான் இங்கே வளைபந்து என்கிறோம். பையன் பெரிய உருவம், ஆனால் பந்தில் பெரிய வேகமில்லை. பேஸ்பாலில் மேஜர் லீக் என்ற உச்சிக்குக் கீழே மைனர் லீக் என்று பல படிகள் உண்டு. சிற்றூர் மைதானங்கள், நீண்ட பஸ் பயணங்கள், சொற்பச் சம்பளம். அவற்றில் கடைசிப் படியில் தொடங்கி ஆறு பருவங்கள் ஏறி, 1942-ல் பாஸ்டன் பிரேவ்ஸ் அணியில் இடம் பிடித்தார். அந்த ஆண்டும் பிரமாதமாக எதுவும் நடக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் அவரையும் அழைத்தது. கடற்படையில் சேர்ந்து விமானம் ஓட்டப் பழகினார். பிறகு டெக்சாஸின் கார்ப்பஸ் கிறிஸ்டி தளத்தில் மற்றவர்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்.

போர்க்காலக் காட்சி ஆட்டம் ஒன்றில், 1943-ல், ஓய்வு பெற்றிருந்த பெரும்புகழ் மட்டையாளர் பேப் ரூத் அவருக்கு எதிரே மட்டையோடு வந்து நின்றார். நான்கு ஆண்டுகள் கழித்து 1947 ஏப்ரல் 15 அன்று, கறுப்பினத்தவரைச் சேர்க்காத நவீன மேஜர் லீக்கின் நிறத்தடையை உடைத்து ஜாக்கி ராபின்சன் களமிறங்கியபோது, அவர் சந்தித்த முதல் பிட்சரும் செய்ன்தான். பேஸ்பால் வரலாற்றின் இரண்டு யுகங்களுக்கும் ஒரே கை பந்து எறிந்திருக்கிறது.

போரிலிருந்து திரும்பியவர் வேறு ஆள். 1946-ல் 20 வெற்றிகள், 1947-ல் 21, 1948-ல் 24. பேஸ்பாலில் அணியின் வெற்றி ஒரு பிட்சரின் பேரிலும் கணக்கெழுதப்படும்; ஒரு பருவத்தில் இருபது என்பது கிரிக்கெட்டில் ஆண்டுக்கு ஆயிரம் ரன் போன்ற கௌரவம். பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில், 1948-ன் முதல் ஆட்டத்தில், வேகத்துக்குப் பேர்போன பாப் ஃபெல்லரை 1-0 என்று வென்றார். பந்தின் வேகம் கூடிவிடவில்லை. விமானம் ஓட்டக் கற்றது தன் கற்கும் திறனையே மறுபடி எழுப்பிவிட்டது என்று பின்னாளில் அவர் சொன்னதுண்டு. பயிற்சிப் பாடத்தில் காற்றியக்கவியலும் இருந்தது. சிறகின் மேல் காற்று என்ன செய்கிறது என்று படித்தவருக்கு, பந்தின் மேல் அதே காற்று என்ன செய்கிறது என்று கேட்கத் தோன்றாமல் இருக்குமா?

அந்தக் காலத்தில் வளைபந்து வளைகிறதா என்பதே வழக்காக இருந்தது. 1941-ல் லைஃப் பத்திரிகை அடுக்கடுக்காக எடுத்த புகைப்படங்களை வெளியிட்டு, இது கண்ணின் மயக்கமாக இருக்கலாம் என்று எழுதியது. இத்தனைக்கும் 1672-லேயே ஐசக் நியூட்டன், சாய்ந்த மட்டையால் அடித்த டென்னிஸ் பந்து வளைந்து போவதைக் குறிப்பிட்டு, சுழற்சிதான் காரணம் என்று எழுதியிருந்தார். 1852-ல் ஜெர்மனியின் ஹைன்ரிஷ் குஸ்தாவ் மாக்னஸ், பீரங்கிக் குண்டுகள் ஏன் வழிதவறுகின்றன என்று ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தார். மாக்னஸ் விளைவு என்று அவர் பெயரே நிலைத்தது. ஆனால் பேஸ்பால் எவ்வளவு வளைகிறது என்று யாரும் உருப்படியாக அளக்கவில்லை.

அளந்தவர் அமெரிக்கத் தேசியத் தரநிர்ணய நிறுவனத்தின் ஓய்வுபெற்ற தலைவர் லைமன் பிரிக்ஸ். 1959-ல் முடிவை வெளியிட்டபோது அவருக்கு எண்பதைத் தாண்டிய வயது. எறிந்த பந்து எத்தனை முறை சுழல்கிறது என்று தெரிய, வாஷிங்டன் அணியின் பிட்சர்களை அழைத்து, பந்தில் ஒரு தட்டையான நாடாவின் நுனியை ஒட்டி எறியச் சொன்னார். பந்து கேட்சரிடம் போய்ச் சேர்ந்ததும் நாடாவில் எத்தனை முறுக்கு விழுந்திருக்கிறது என்று எண்ணினால் கணக்கு முடிந்தது. ஏழு முதல் பதினாறு வரை முறுக்குகள் இருந்தன. ஜவுளிக்கடைக்காரருக்குத் தோன்றக்கூடிய யோசனை, இயற்பியலாளருக்குத் தோன்றியது அழகு. பிறகு காற்றுச்சுரங்கத்தில் அதே அளவில் சுழலும் பந்துகளைக் குறுக்குக் காற்றில் விழவிட்டு, எவ்வளவு விலகி விழுகின்றன என்று பார்த்தார். நிமிடத்துக்கு 1,800 சுழற்சியில் விலகல் 17.5 அங்குலம் வரை போயிற்று. ஏறக்குறைய 44 செண்டிமீட்டர். வழக்கு முடிந்தது.

வளைவின் காரணத்தைப் பரிசல்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். துடுப்பால் தண்ணீரைப் பின்னே தள்ளினால் பரிசல் முன்னே போகிறது. சுழலும் பந்தும் அப்படித்தான் காற்றைத் தள்ளுகிறது. பந்தின் தோலை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலம், எல்லைப்படலம் என்று அதற்குப் பெயர், பந்தோடு சேர்ந்து இழுபடுகிறது. பந்தின் ஒரு பக்கம் எதிர்க்காற்றோடு சேர்ந்து ஓடுகிறது, மறுபக்கம் அதை எதிர்த்து ஓடுகிறது. சேர்ந்து ஓடும் பக்கத்தில் படலம் அதிக தூரம் ஒட்டிக்கொண்டு போய்ப் பிறகு பிரிகிறது. எதிர்க்கும் பக்கத்தில் சீக்கிரமே பிரிந்துவிடுகிறது. விளைவாக, பந்துக்குப் பின்னால் வரும் காற்று ஒரு பக்கமாகத் திரும்பிவிடுகிறது. காற்று ஒரு பக்கம் தள்ளப்பட்டால் பந்து மறுபக்கம் தள்ளப்பட வேண்டும். தோலின் மேல் நூற்றெட்டு இரட்டைத் தையல்களோடு எழும்பி நிற்கும் விளிம்பு, காற்றைப் பிடித்திழுக்க உதவுகிறது.

பந்தின் மேற்பக்கம் மட்டையாளரை நோக்கி உருண்டால் பந்து வழக்கத்தைவிட வேகமாகக் கீழே விழும். அதுதான் வளைபந்து. நல்ல சுழற்பந்துவீச்சாளரின் பந்து கிரிக்கெட்டில் கண்ணெதிரே திடீரென்று இறங்குவதும் இதனால்தான். பந்து பின்னோக்கிச் சுழன்றால் எதிரான விளைவு. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து சுமார் 0.4 நொடியில் மட்டையாளரை அடைகிறது. அந்த நேரத்தில் புவியீர்ப்பு அதை முக்கால் மீட்டருக்கு மேல் இறக்கியிருக்க வேண்டும். பின்சுழற்சி அதில் நாற்பது செண்டிமீட்டரைத் திருப்பித் தந்துவிடுகிறது. பந்து மேலே ஏறவில்லை, எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. மட்டையாளருக்கோ ஏறியதாகத் தோன்றும். மட்டை பந்துக்கு அடியில் வீணாகப் போகும்.

இந்த விவரங்களை எல்லாம் ஒரு பத்தொன்பது வயதுப் பையனிடம் சொல்லிப் பயனில்லை. கோச் ஆன பின் செய்ன் செய்தது வேறு. ஒரு பேஸ்பாலின் நடுவே கம்பியைச் செருகி, அச்சின் மேல் சுழலும்படி ஒரு சாதனம் செய்துகொண்டார். கையளவுதான் இருக்கும். பிட்சர் அதைப் பிடித்து, விரலால் தையலைத் தொட்டுச் சுழற்றலாம். கம்பியை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அதுதான் சுழலும் அச்சு. அச்சைச் சாய்த்தால் வளைவு எந்தத் திசையில் போகும் என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும். ஓட்டல் அறையிலும் பஸ்ஸிலும் மைதானத்தின் ஓரப் பலகையிலும் அதைச் சுற்றிக்கொண்டே இருக்கலாம். மணிக்கட்டை இப்படித் திருப்பு, முழங்கையை அப்படி வை என்ற பேச்சே இல்லை. பந்து இப்படிச் சுழல வேண்டும். அதற்குக் கை என்ன செய்ய வேண்டுமோ அதைக் கை தேடிக்கொள்ளட்டும்.

இது ஏன் வேலை செய்தது என்பதற்கான சான்று பல பத்தாண்டுகள் கழித்து வந்தது. 1998-ல் கேப்ரியல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும், பனிச்சறுக்கு அசைவைப் பழக்கும் ஆடும் மேடையொன்றில் ஆட்களை ஏற்றினார்கள். ஒரு குழுவிடம் உங்கள் பாதங்களின் அழுத்தத்தைக் கவனியுங்கள் என்றார்கள். இன்னொரு குழுவிடம் மேடையின் சக்கரங்களைக் கவனியுங்கள் என்றார்கள். பாதத்துக்கு நேர் கீழேதான் சக்கரம். வித்தியாசம் சில அங்குலம். சக்கரத்தைக் கவனித்தவர்களே நன்றாகக் கற்றார்கள். பாதத்தைக் கவனிப்பதை அகக்கவனம், சக்கரத்தைக் கவனிப்பதைப் புறக்கவனம் எனலாம். உடலுக்குள் கவனத்தைத் திருப்பினால், தானாக ஓடும் செயல் நினைவின் குறுக்கே விவர நினைவு வந்து விழுகிறது. படியிறங்கும்போது எந்தக் கால் எப்போது என்று எண்ணத் தொடங்கியவருக்கு என்ன ஆகும் என்பது தெரிந்ததே. செய்னின் கம்பிப் பந்து, கவனத்தைக் கையிலிருந்து எடுத்துப் பந்தின் மேல் வைத்தது. ஆராய்ச்சியாளர்கள் பெயர் வைப்பதற்கு முன்பே அவர் புறக்கவனத்தைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்.

செய்ன் 1955-ல் ஆடுவதை நிறுத்தினார். 1959-ல் கேன்சஸ் சிட்டியில் கோச். 1961 முதல் 1963 வரை நியூயார்க் யாங்கீஸ். பிறகு மின்னசோட்டா, டெட்ராய்ட், சிகாகோ, அட்லாண்டா. ஒரே இடத்தில் நிலைக்கவில்லை என்பது பட்டியலிலேயே தெரிகிறது. ஆனால் போன இடமெல்லாம் இருபது வெற்றிக்காரர்கள் முளைத்தார்கள். ஒன்பது பருவங்கள் ஆடியும் ஒருமுறைகூட இருபதைத் தொடாத வைட்டி ஃபோர்ட், செய்ன் வந்த 1961-ல் 25 வென்றார். நான்கு நாளுக்கு ஒருமுறை அவரை ஆடவிட்டது முக்கியக் காரணம். 1965-ல் மட்கேட் கிராண்ட் 21, 1966-ல் ஜிம் காட் 25, 1968-ல் டென்னி மக்லெய்ன் 31. அதன்பின் முப்பதை இன்னொருவர் தொடவே இல்லை. 1961-க்கும் 1968-க்கும் இடையே அவர் இருந்த மூன்று அணிகள் ஐந்து முறை உலகத் தொடருக்குப் போயின.

அப்படியிருந்தும் அனுப்பப்பட்டுக்கொண்டே இருந்தார். காரணம் அவருடைய சுபாவம். மேலாளருக்கும் பிட்சருக்கும் உரசல் வந்தால் அவர் பிட்சர் பக்கம் நிற்பார். பிட்சர்களை ஓட்டப் பயிற்சிக்கு விரட்டுவது அக்கால வழக்கம். பந்தை யாரும் மட்டையாளரிடம் ஓடிப்போய்க் கொடுப்பதில்லையே என்று அதை மறுத்தார். 1966 பருவத்துக்குப் பின் மின்னசோட்டா அவரை விலக்கியபோது, ஜிம் காட் கோபத்தில் ரசிகர்களுக்குப் பத்திரிகை வழியாகப் பகிரங்கக் கடிதமே எழுதினார். ஒரு ஆட்டக்காரர் கோச்சுக்காக அப்படி எழுதுவது அன்றைக்கும் அபூர்வம், இன்றைக்கும் அபூர்வம்.

ஓடாதே, எறி என்ற செய்னின் வாதத்தின் எடையை அறிய, எறியும் கையைப் பார்க்க வேண்டும். பந்தின் வேகத்தில் ஏறக்குறைய பாதிதான் கையிலிருந்து வருகிறது. மீதி காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வருகிறது. வீச்சுவலை வீசும் மீனவரைப் பார்த்தால் இது விளங்கும்: முதலில் கால் ஊன்றுகிறது, இடுப்பு திரும்புகிறது, தோள் பின்தொடர்கிறது, கடைசியில்தான் கை விரிகிறது. ஒவ்வொரு பகுதியும் தன் வேகத்தை அடுத்ததற்குக் கைமாற்றிவிட்டு நிற்கிறது. இயக்கச் சங்கிலி என்பது இதற்குப் பெயர். சங்கிலியின் கடைசிக் கண்ணியில் தோளின் உட்சுழற்சி நொடிக்கு 7,000 பாகைக்கும் மேல் போகிறது. அதே வேகத்தில் சுழன்றுகொண்டே இருந்தால் நொடிக்குப் பத்தொன்பது முழுச் சுற்று. மனித உடல் செய்யும் அசைவுகளில் இதைவிட வேகமானது கிடைப்பது அரிது.

எறியும்போது முழங்கையின் உட்புறம் சுமக்கும் பாரத்தை, அலபாமா மாநிலம் பர்மிங்காமில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த கிளென் ஃபிளைசிக் முதலானோர் 1990-களில் கேமராக்களைக் கொண்டு கணக்கிட்டார்கள். கையை முன்னே நீட்டி, உள்ளங்கையில் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தொங்கவிட்டது போன்ற முறுக்கு. இறந்தவர்களின் முழங்கையை ஆய்வகத்தில் வளைத்துப் பார்த்தால், எலும்பை எலும்போடு கட்டும் அந்த விரலகலக் கட்டுநார் இதில் பாதிப் பாரத்திலேயே அறுந்துவிடுகிறது. அப்படியானால் பிட்சரின் முழங்கை ஒவ்வொரு எறியிலும் அறுந்திருக்க வேண்டும். அறாமல் இருப்பதற்குக் காரணம், சுற்றியுள்ள தசைகள் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்வது. தசை களைத்தால் நாரின் பங்கு கூடும்.

இங்கேதான் கோச்சின் தீர்ப்புக்கு வேலை. முழு வேகத்தில் ஆடிய பிட்சர் அடுத்த ஆட்டம் வரை கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. செய்ன் எதிர்க்கட்சி: அடிக்கடி எறி, ஆனால் மெதுவாக எறி. கைக்கு நினைவும் மங்காது, தசையும் பழக்கம் விட்டுப் போகாது. மைனர் லீக்கைத் தாண்டாமலே ஓய்ந்துபோன இடதுகை பிட்சர் லியோ மஸோனி, பிரேவ்ஸ் அமைப்பில் செய்னிடம் இதைக் கற்றுக்கொண்டார். 1990-ல் அட்லாண்டா பிரேவ்ஸின் பிட்சிங் கோச் ஆனதும், இரண்டு ஆட்டங்களுக்கு இடையில் ஒருமுறைக்குப் பதில் இருமுறை, அடக்கமான வேகத்தில், மேட்டிலிருந்து எறியவைத்தார். ஆட்டம் நடக்கும்போது பலகையில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருப்பார். தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அவர் முகத்தைவிட அந்த ஆட்டம்தான் ஞாபகம். 1991 முதல் 1998 வரை அவருடைய பிட்சர்கள், சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை ஆறு முறை வாங்கினார்கள்.

மேடக்ஸ், கிளேவின், ஸ்மோல்ட்ஸ் போன்ற மேதைகள் கையில் இருந்தால் யாரும் நல்ல கோச்தானே என்ற சந்தேகம் நியாயமானது. ஜே.சி. பிராட்பரி என்ற பொருளியலாளர் அதை இப்படிச் சோதித்தார்: ஒரே பிட்சர் மஸோனியிடம் இருந்தபோது எப்படி ஆடினார், அதற்கு முன்னும் பின்னும் வேறு அணிகளில் எப்படி ஆடினார்? வயதுக்கும் மைதானத்துக்கும் கழித்துப் பார்த்தாலும், ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் ரன்களில் அரை ரன்னுக்கும் அதிகமான வித்தியாசம் மிஞ்சியது. பேஸ்பாலில் அது பெரிய தொகை. கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2006-ல் மஸோனி பால்டிமோருக்குப் போனார். அங்கே ஒன்றும் எடுபடவில்லை, இரண்டே பருவங்களில் வேலை போனது. கோச்சின் பங்கையும், அணி ஆட்களைத் தேர்ந்த விதத்தின் பங்கையும் பிரித்தெடுப்பது புள்ளியியலுக்கும் கடினமான காரியம்.

டாம் ஹவுஸ் இன்னொரு வழியில் வந்தவர். பிட்சராக அவர் பெயர் நிலைத்தது எறிந்ததற்காக அல்ல: 1974 ஏப்ரல் 8 அன்று ஹேங்க் ஏரன் பேப் ரூத்தின் சாதனையை முறியடித்து அடித்த 715-வது ஹோம் ரன், வேலிக்கு அப்பால் காத்திருந்த ஹவுஸின் கையுறையில் வந்து விழுந்தது. ஆடும் காலம் முடிந்த பிறகு உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார். 1985 முதல் 1992 வரை டெக்சாஸ் ரேஞ்சர்ஸின் பிட்சிங் கோச். அவருடைய பிட்சர்கள் மைதானத்தில் முட்டை வடிவ அமெரிக்கக் கால்பந்தை எறிந்து பழகுவதைப் பார்த்து எதிரணியினர் சிரித்தார்கள். அந்தப் பந்து, கை சரியான வழியில் வந்தால் மட்டுமே நேராகத் திருகிக்கொண்டு பறக்கும், பிசகினால் தள்ளாடும். கோச் வாயைத் திறக்கவே வேண்டாம், தவறைப் பந்தே சொல்லிவிடும். செய்னின் கம்பிப் பந்துக்கு இது பங்காளி.

நொடிக்கு நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கும் கேமராக்களை எறியும் கையின் மேல் திருப்பியவர்களில் ஹவுஸும் ஒருவர். பிட்சர்கள் தாங்கள் செய்வதாகச் சொன்னதும், படத்தில் தெரிந்ததும் ஒன்றாக இல்லை. வளைபந்து எறிந்து முடிக்கும்போது முன்கை வெளிப்புறம் திரும்புகிறது என்று எறிந்தவர்களே நம்பினார்கள். எந்தப் பந்தை எறிந்தாலும், பந்து விரலை விட்ட பிறகு முன்கை உட்புறமாகத்தான் திரும்புகிறது என்று படம் காட்டியது. தான் முன்பு கற்பித்தவற்றில் சில தவறு என்று ஹவுஸ் பின்னர் ஒப்புக்கொண்டார். கை முன்னே பாயும் கட்டம் நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது. கண் பார்த்து மூளை திருத்தச் சொல்ல அதைப்போல் நான்கு மடங்கு நேரம் வேண்டும். எறிபவர் உணர்வது நடந்து முடிந்த சம்பவத்தின் எதிரொலியைத்தான்.

2008-ல் அவரிடம் வந்த இரண்டு மாணவர்கள் உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் இளைஞர்கள், ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும். பேஸ்பால் கையுறையைப் பார்த்தேயிராத அவர்களை ஒரு தொலைக்காட்சிப் போட்டி பொறுக்கி அமெரிக்காவுக்கு அனுப்பியது. ஹவுஸிடம் சில மாதப் பயிற்சிக்குப் பின் அந்த நவம்பரிலேயே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அவர்களை மைனர் லீக்குக்கு ஒப்பந்தம் செய்தது. இதை வைத்து 2014-ல் வந்த ஹாலிவுட் படம் 'மில்லியன் டாலர் ஆர்ம்'. இசை ஏ.ஆர். ரஹ்மான். படம் சொல்லாத அறிவியல் ஒன்று: ஈட்டி எறிவதும் இயக்கச் சங்கிலிதான். முக்கால் வாசிக் கண்ணிகள் அவர்கள் உடலில் ஏற்கெனவே கோக்கப்பட்டிருந்தன.

செய்னின் கண்ணுக்கும் பிரிக்ஸின் நாடாவுக்கும் இருந்த வேலையை இப்போது கருவிகள் செய்கின்றன. 2015 முதல் எல்லா மேஜர் லீக் மைதானங்களிலும் ஒவ்வொரு பந்தின் வேகமும் சுழற்சியும் பதிவாகின்றன. 2020 முதல் அதைச் செய்வது, கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ. தீர்ப்புக்குப் பார்க்கும் அதே ஹாக்-ஐ. இதை வைத்துப் பேர் எடுத்தவர் பிரெண்ட் ஸ்ட்ராம். 1970-களில் ஐந்து பருவங்கள் ஆடி, வென்றதைவிட அதிகம் தோற்றவர். முழங்கைக் கட்டுநாரை மாற்றிவைக்கும் அறுவை சிகிச்சையை, 1974-ல் பிட்சர் டாமி ஜானுக்கு முதன்முதலில் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் செய்தார்; இரண்டாவதாகச் செய்துகொண்டவர் ஸ்ட்ராம். நெடுங்காலம் மைனர் லீக் பயிற்சியில் சுற்றியலைந்து, அறுபத்தைந்து வயதில் 2014-ல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸின் பிட்சிங் கோச் ஆனார்.

2018-ல் ஹூஸ்டனுக்கு வந்த கெரிட் கோல், அதற்கு முன் இருந்த அணியில் பந்தைத் தாழ்வாக, இறங்கும்படி எறிவதை அதிகம் பழகியிருந்தார். அவருடைய பின்சுழற்சி தாழ்வான பந்தில் வீணாவதை எண்கள் காட்டின. நெஞ்சு உயரத்தில் எறிந்தால் மட்டை அடியில் போகும். இறங்கு பந்தைக் குறைத்து, உயரப் பந்தையும் வளைபந்தையும் கூட்டினார்கள். முந்தைய பருவத்தில் ஒன்பது இன்னிங்ஸுக்கு 4.26 ரன் கொடுத்தவர், அந்தப் பருவத்தில் 2.88 கொடுத்தார். கை மாறவில்லை. பந்து போகும் இடம்தான் மாறியது.

எண்கள் பேசத் தொடங்கியதும், கோச் ஆக பிட்சராக இருந்திருக்க வேண்டுமா என்ற கேள்வியும் வந்தது. 2019 இறுதியில் யாங்கீஸ் பிட்சிங் கோச்சாக எடுத்துக்கொண்ட மாட் பிளேக், கல்லூரிக்கு மேல் ஆடியவரே அல்ல. பயிற்சிக் கூடங்களில் கேமராவோடும் கணினியோடும் வளர்ந்து வருபவர்கள் கூடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் எந்தக் கருவியையும் எடுத்துச்செல்ல முடியாத ஒரு நேரம் ஆட்டத்தில் இருக்கிறது. பிட்சர் தடுமாறும்போது கோச் ஓரப் பலகையிலிருந்து எழுந்து மேட்டுக்கு நடந்து போவார். எதிரணி உதட்டைப் படிக்காமலிருக்கக் கையுறையால் வாயை மூடிக்கொண்டு பேசுவார்கள். கிடைப்பது அரை நிமிடம். அதே இன்னிங்ஸில் அதே பிட்சரிடம் இரண்டாவது முறை போனால், விதிப்படி அவரை வெளியேற்றியே ஆக வேண்டும். தோள் கோணத்தைப் பற்றியும் சுழலும் அச்சைப் பற்றியும் அங்கே எதுவும் சொல்வதில்லை. கேட்சரின் முகமூடியைப் பார்த்து எறி என்பார், முதுகில் தட்டுவார், திரும்பி நடப்பார்.